அவரைக் கொடியும் நாற்றப் பூச்சியும்

கல்யாணமாகி எட்டு மாதம்கூட ஆகவில்லை. அபிராமபுரத்தில் ஒரு மாடி அறையில் குடியிருந்தோம். அவருக்குக் கிண்டி தொழிற்பேட்டையில் வேலை. அதிகம் பேசமாட்டார். "சாப்பாடு ஆச்சா?", "வரேன்" என்பதற்கு மேல் எங்களுக்குள் பேச்சு வளரவில்லை.

ஐப்பசி மழை விட்ட ஒரு சாயங்காலம், ட்யூப்லைட்டைச் சுற்றிப் பச்சைப் பூச்சிகள் பறந்தன. சின்னக் கேடயம் மாதிரி முதுகு, சுவரில் மோதி டப்பென்று விழுந்தன. ஒன்றைத் துடைப்பத்தால் அடித்தேன். மல்லித்தழையைக் கசக்கி மண்ணெண்ணெய் விட்டதுபோல் ஒரு நாற்றம். எனக்கு அப்போது மூன்றாம் மாதம். வாசலுக்கு ஓடிப்போய் வாந்தி எடுத்தேன்.

அவர் மறுநாள் பூச்சி மருந்தடிக்கும் பம்பு ஒன்றை இரவல் வாங்கி வந்தார். அந்த வாடை பூச்சியை விட மோசம். அன்றும் நான் சாப்பிடவில்லை. பம்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, ஜன்னல் இடுக்குகளில் பழைய துணியைத் திணித்தார். வென்டிலேட்டருக்குக் கொசுவலைத் துண்டை ஆணியடித்தார். பிறகு விளக்கை அணைத்தார்.

"வெளிச்சத்துக்குத்தான் வருது. கொஞ்ச நேரம் இருட்டுல இருப்போம்."

தெருவிளக்கின் மங்கலில் பாயில் உட்கார்ந்திருந்தோம். திடீரென்று சொன்னார்:

"எனக்குப் பூச்சின்னா பயம். சின்ன வயசுல காதுக்குள்ள ஒண்ணு பூந்துடுச்சு. சிரிக்காத."

சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். முகம் தெரியாத இருட்டில் அவருக்குப் பேச்சு வந்தது. அதன் பிறகு தினமும் விளக்கு வைத்த கொஞ்ச நேரத்தில் அணைத்துவிடுவோம். தன் தங்கையைப் பற்றி, முதல் சம்பளத்தில் வாங்கிய செருப்பைப் பற்றி, பொண்ணு பார்க்க வந்த அன்று நான் தலை நிமிரவே இல்லை என்பதைப் பற்றி, எல்லாம் அந்த இருட்டில்தான் கேட்டேன்.

ஆனால் பூச்சி குறையவில்லை. கீழே வீட்டுக்கார மாமி வளர்த்த அவரைக் கொடி எங்கள் ஜன்னல்வரை ஏறியிருந்தது. இலையைத் திருப்பிப் பார்த்தால் அடியில் கடுகை ஒட்டினதுபோல் வரிசையாக முட்டைகள். கொடியைக் கொஞ்சம் வெட்டச் சொல்லிக் கேட்கப் போனவர், கை நிறைய அவரைக்காயோடு திரும்பி வந்தார்.

"முதக் காய், உன் ஆம்படையாளுக்குன்னு குடுத்தாங்க. எப்படிக் கேக்கிறது?"

மறுநாள் காலையில் எழுந்து பார்த்தால் ஆளைக் காணோம். கீழே, கொடிக்கு அருகில் ஸ்டூல் போட்டு ஏறி நின்றிருந்தார். ஒரு கையில் சோப்புத் தண்ணீர் டப்பா. முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, இலையைத் தட்டித் தட்டிப் பூச்சிகளை டப்பாவில் விழவைத்தார். ஒன்று சட்டைமேல் ஏறியதும் துள்ளினார். ஸ்டூல் ஆடியது. ஆனால் இறங்கவில்லை. பிறகு முட்டை இருந்த இலைகளைக் கிள்ளிப் போட்டார். நான் ஜன்னலோரம் நின்று பார்த்தேன்.

மூன்றாவது நாள் மாமி பார்த்துவிட்டார்.

"ஏம்ப்பா, காலங்கார்த்தால அங்க என்ன பண்ணிண்டிருக்கே?"

அவர் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னார். மாமி உள்ளே போய் அரிவாளை எடுத்து வந்தார்.

"இதைச் சொல்றதுக்கு என்னப்பா கூச்சம்? கொடிதானே, அடுத்த ஆடிக்கு வெதைச்சா வந்துடும். வாயும் வயிறுமா இருக்கறவ சாப்பிட வேண்டாமா?"

ஜன்னல் பக்கம் ஏறிய கொடி முழுவதையும் மாமியே அறுத்து இழுத்துப் போட்டார். பூவும் பிஞ்சுமாக இருந்தது. மீதிப் பந்தலை இவர் விடவில்லை. மார்கழி முடியும்வரை, ஷிஃப்டுக்குக் கிளம்பும் முன் ஸ்டூலும் டப்பாவுமாக நின்றார்.

அந்த வாரத்திலேயே அறையில் நாற்றம் அடங்கியது. மாமி கொடுத்தனுப்பிய சீரக ரசத்தைச் சோற்றில் விட்டுப் பிசைந்து, ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டேன். அவர் எதிரில் உட்கார்ந்து, நான் சாப்பிட்டு முடிக்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இன்னும் கொஞ்சம் போடட்டுமா?"

போதும் என்று சொல்ல மனம் வரவில்லை. தட்டை நீட்டினேன்.