மகன் பெயர் இல்லாத கல்

ஜூலியா என்ற பெயரை அல்போன்சா முதன்முதலாகக் கேட்டது ஆஸ்பத்திரி வராந்தாவில். நாத்தனார் மகன் கிளெமென்ட்தான் வந்து சொன்னான். பரீட்சைக்கு நேரமாகிவிட்டதென்று கூடப் படிக்கிற பெண்ணை லாயிட் பைக்கில் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறான். ஓசூர் ரோட்டில் லாரி இடித்துவிட்டது. பெண்ணுக்குக் கால்தான் முறிந்திருக்கிறது, பிழைத்துக்கொள்வாள். பெயர் ஜூலியா, வேலூர்ப் பக்கம். லாயிட்டைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாததிலேயே பெற்றவளுக்குத் தெரிந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஆஸ்டின் டவுன் வீட்டில் அந்தப் பெயரை யாரும் எடுத்ததில்லை. புருஷன் தியோடர் போய் அப்போது ஒன்பது வருஷம். லாயிட் ஒரே பிள்ளை. தியோடரைப் புதைத்தது இடம் போதாத கல்லறைத் தோட்டம். குடும்பத்தில் அடுத்த ஆள் போனால் பழைய குழியைத் திறந்து அதிலேயே வைப்பதுதான் வழக்கம். அப்பன் குழியிலேயே மகனையும் வைத்தார்கள். கல்லில் லாயிட் பெயரையும் வெட்டிவிடலாமென்று கிளெமென்ட் இரண்டு முறை ஆளைக் கூட்டிவந்தான். இரண்டு முறையும் அல்போன்சா திருப்பி அனுப்பினாள். வெட்டிவிட்டால் அப்புறம் அவன் செத்தவன்தானே.

ஜூலியாவின் அப்பா அவள் படிப்பை நிறுத்தி ஊருக்குக் கூட்டிப்போய்விட்டார். மூன்றாம் வருஷம், கல்லறைத் திருநாளன்று, தோட்டத்து வாசலில் பூ விற்கிற லட்சுமம்மா அல்போன்சாவைச் சீண்டினாள்.

"உன் மருமக வந்திருக்காக்கா. லாயிட்டை எங்க வெச்சிருக்காங்கன்னு கேட்டா. நான் என்னத்தக் கண்டேன், உள்ள போய்த் தேடிக்கோன்னுட்டேன்."

உள்ளே, ஒரு காலை இழுத்து நடக்கிற பெண், தியோடர் கல்லைத் தாண்டிப் போய் மதிலோரக் குழி ஒன்றின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அங்கே உடைந்த சிமெண்டுச் சிலுவையில் லாயிட் என்ற எழுத்து மட்டும் மிஞ்சியிருந்தது. எந்தக் காலத்து லாயிட்டோ, கேட்பாரில்லாத குழி. அவள் புல்லைப் பிடுங்கினாள், சுண்ணாம்பு அடித்தாள், சேவந்திப் பூ வைத்து மெழுகுவர்த்தி ஏற்றினாள். தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்த சாமியாரை அங்கே நிறுத்தி ஜெபிக்கச் சொன்னாள்.

அல்போன்சா பத்தடி தள்ளி நின்று பார்த்தாள். ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்லவில்லை. பிள்ளையைக் கொண்டுபோனவள், குழியாவது நமக்கே இருக்கட்டும் என்று ஒரு வைராக்கியம்.

மறுவருஷமும் ஜூலியா வந்தாள். அதற்கடுத்த வருஷமும். வந்த மாப்பிள்ளைகளை வேண்டாமென்றாளாம். விட்ட படிப்பைத் தபாலில் முடித்தாளாம். அம்மா அழுது புரண்டும் கேட்காமல் இங்கேயே வேலை தேடிக்கொண்டாளாம். லட்சுமம்மா பூக்கட்டிக்கொண்டே சொன்ன செய்திகள் இவை. காலை உடைத்த ஊரை இப்படிக் கட்டிக்கொண்டு அழுகிறாளே என்று அவளுக்கு ஆச்சரியம்.

ஐந்தாவது தடவை வந்தபோது, மதிலோரக் குழிகளைத் திறந்து வேறு ஆட்களுக்குக் கொடுக்கப்போவதாக நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். ஜூலியா காவல்காரனிடம் மன்றாடிக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர் எழுதிக் கொடுத்தால் விட்டுவிடுவோம், நீ செத்தவருக்கு என்ன வேணும் என்று அவன் கேட்டான். அவள் வாயைத் திறந்தாள், மூடினாள். என்ன உறவு என்று சொல்வாள்?

அந்த வாயைப் பார்த்ததும் அல்போன்சாவுக்குப் பொறுக்கவில்லை. போய் அவள் கையைப் பிடித்துத் தியோடர் கல்லுக்குக் கூட்டிவந்தாள்.

"அது என் புள்ள இல்லம்மா. என் புள்ள இங்க இருக்கான், அவங்கப்பா கூட."

ஜூலியா தியோடர் என்ற பெயரையே வெகுநேரம் பார்த்தாள்.

"நான் அங்க உக்காந்திருந்தது உங்களுக்குத் தெரியுமா ஆன்ட்டி?"

"தெரியும். எல்லா வருஷமும் பார்த்தேன்."

ஜூலியா கோபித்துக்கொள்ளவில்லை. கல்லின் மேல் கையை வைத்தாள்.

"வேகமாப் போன்னு நான்தான் சொன்னேன் ஆன்ட்டி."

அல்போன்சா பக்கத்தில் உட்கார்ந்து, தன் பையிலிருந்த மெழுகுவர்த்தியில் ஒன்றை எடுத்து அவளிடம் கொடுத்தாள்.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு முன்னால் கிளெமென்ட் மூன்றாவது முறையாக ஆளைக் கூட்டிவந்தான். தியோடருக்குக் கீழே லாயிட் என்று வெட்டும்போது ஜூலியாதான் தண்ணீர் ஊற்றிக் கல்தூளைக் கழுவினாள். மதிலோரக் குழியைத் திறக்கிற நாள்வரை அங்கேயும் ஒரு மெழுகுவர்த்தி வைத்துவந்தாள்.

ஜூலியா இப்போது பொம்மனஹள்ளியில், ஓசூர் ரோட்டுக்கு இரண்டு தெரு தள்ளிக் குடியிருக்கிறாள். அங்கேயே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர்.