மணவூரில் ஏறியவருக்குப் பாதி மாத்திரை

மார்கழிக் குளிரில் ரயில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த நைனாவின் சட்டை முதுகுப் பக்கம் நனைந்திருந்தது. அதைத்தான் முதலில் கவனித்தேன். ஊசி போட ஆரம்பித்ததிலிருந்து உடம்பு திடீரென்று கொதித்து வேர்க்கிறதாம்.

நைனா, அதாவது என் அப்பா, தறி நெய்பவர். புராஸ்டேட்டில் புற்றுநோய், வேகமாகப் பரவும் வகை. அம்மா தறியை விட்டு வர முடியாததால், பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்ட நான் இந்த முறை துணைக்குப் போனேன்.

திருத்தணியிலிருந்து மெட்ராஸ் எண்பத்தைந்து கிலோமீட்டர் இருக்கும். இந்த நோய் உள்ளவரோடு போகிறவர்கள் மின்சார ரயிலில் ஏறாதீர்கள், கழிப்பறை கிடையாது. காலைப் பாசஞ்சரில் கழிப்பறைக்குப் பக்கத்து இருக்கையாகப் பாருங்கள். அரக்கோணம் வருவதற்குள் நைனா மூன்று முறை எழுந்தார்.

ஆஸ்பத்திரியில் ஆண்களின் ஹார்மோனைத் தடுக்கும் மருந்துகளைச் சோதிக்கிறார்கள். சிலருக்கு ஊசி மட்டும், சிலருக்கு ஊசியோடு மாத்திரையும். இரண்டும் சேர்ந்தால் நோய் அதிக நாள் அடங்குமா என்று பார்க்கிறார்களாம். யாருக்கு எது என்பது சீட்டுக் குலுக்கல் மாதிரிதான். நைனாவுக்கு இரண்டும் விழுந்தது.

மணவூரில், ஆஸ்பத்திரியில் நைனாவோடு பழகிய விவசாயி ஒருவர் ஏறினார். இதே நோய், இதே டாக்டர். ஆனால் ஊசி மட்டும். நைனா மடியிலிருந்த மாத்திரைகளில் பாதியை அவர் கையில் கொட்டினார்.

“அது உனுக்குக் குடுத்தது நைனா” என்றேன்.

“பந்தியில பக்கத்துல குந்திகினு நான் மட்டும் துன்னா எறங்குமாம்மா? மொதல்லேர்ந்து பாதிப் பாதிதான்.”

“பொண்ணு மொறைக்குது பாவா. நான் இன்னா சீரா கேட்டேன்?” என்றார் மணவூர்க்காரர், நைனாவை மச்சான் முறை வைத்து. இருவரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தப் பரிசோதனையைப் பார்த்துவிட்டு என்னிடம் மெதுவாகச் சொன்னார். “நோய் ஏறிக்கிட்டே போகுதும்மா. மாத்திரை இவருக்குக் கேக்கல. இன்னியோட நிறுத்திடலாம்.”

நைனா தலையாட்டினார். மேஜைக்கு அடியில் என் விரல்களை அழுத்திப் பிடித்தார். மாத்திரையைப் பிரித்ததைச் சொன்னால், வெளியே காத்திருக்கும் மணவூர்க்காரரைச் சோதனையிலிருந்து நீக்கி ஊசியை நிறுத்திவிடுவார்களோ என்று நைனாவுக்குப் பயம். சொல்லாவிட்டால், முழுதாகச் சாப்பிட்டே பார்க்காத மருந்து நைனாவுக்கு நின்றுவிடும்.

இந்தச் சிகிச்சைக்குப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன்: யாருக்குக் கொடுத்த மாத்திரையோ அவரே சாப்பிடட்டும். பாவம் பார்த்துப் பிரித்தால் இருவருக்கும் போதாது. மருந்து கேட்டதா இல்லையா என்பதும் யாருக்கும் தெரியாது.

டாக்டர்களிடம் நான் வாய் திறந்ததே இல்லை. விரல்களை விடுவித்துக்கொண்டு வெளியே போய், மணவூர்க்காரரைக் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன்.