துடியலூருக்குப் போன ஆறு சொம்புகள்

காலை ஐந்தரைக்கு மதுரை ஆரப்பாளையத்தில் கோவைப் பேருந்து ஏறினேன். மடியில் ஒரு பை, அதற்குள் செய்தித்தாளில் சுற்றிய ஆறு எவர்சில்வர் சொம்புகள். எங்கள் பாலிஷ் பட்டறையில் சக்கரத்தின் முன் நிற்பது என் கணவர் முத்துராமன் மட்டும்தான். இருபது வருடத் தூசு நெஞ்சில் சேர்ந்துவிட்டது. நாலு படி ஏறினால் மூச்சு வாங்க நிற்கிறார். சக்கரத்தை விட்டே ஆகவேண்டும் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். வேலைக்கு வேறு ஆள் கிடைக்கவில்லை, பட்டறையை மூடவும் இவர் சம்மதிக்கவில்லை. துடியலூரில் பாலிஷ் போடும் ரோபோ செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, மாதிரிக்குச் சொம்புகளோடு கிளம்பிவிட்டேன். ரோபோ என்றால் எனக்குத் தெரிந்தது கண்ணில் விளக்கு எரியும் பொம்மைதான்.

பதினொன்றே முக்காலுக்குச் சிங்காநல்லூரில் இறங்கினேன். அங்கிருந்து காந்திபுரம், பிறகு துடியலூர். இரண்டு நகரப் பேருந்திலும் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. கடைசியில் ஆட்டோவுக்கு எண்பது ரூபாய்.

"ஏனுங்கம்மா, பம்பு கம்பெனின்னா கண்ண மூடிட்டுக் கொண்டுபோய் உட்டுருவனுங்க. ரோபோ கம்பெனின்னா எதுங்க?" என்றார் ஆட்டோக்காரர்.

எதென்று எனக்கு மட்டும் தெரியுமா? முதல் கேட்டில் பம்பு செய்தார்கள், இரண்டாவதில் கிரைண்டர். இரண்டு காவலாளிகளும் எழுந்து நின்று, அத்தனை மரியாதையாக வழி சொன்னார்கள். தெரிந்து சொல்கிறார்களா, தெரியாது என்று சொல்ல மனம் வராமல் சொல்கிறார்களா என்று புரியவே இல்லை. மூன்றாவது கேட்டில் பெயர்ப்பலகையே இல்லை. அதுதான் நான் தேடி வந்த இடம்.

மணி ஒன்றரை. காவலாளி சொல்லி, கீர்த்தனா என்ற என்ஜினியர் வாசலுக்கே வந்தார். முப்பது வயது இருக்கும்.

"வாங்க்கா. மொதல்ல சாப்புட்டுப்போட்டு அப்பறம் பாக்கலாமுங்க."

சாப்பிடாமல் தப்ப முடியவில்லை. பிறகு ஒரு கண்ணாடி அறைக்குக் கூட்டிப் போனார். உள்ளே தலையும் இல்லை, காலும் இல்லை. ஆரஞ்சு நிறத்தில் என்னைவிட உயரமான ஒரு கை மட்டும் தரையில் நின்றது. அது பாலிஷ் போட வேண்டிய ஒரு தண்ணீர்க் குழாயைப் பிடித்து, சுற்றும் சக்கரத்தில் அழுத்தித் திருப்பித் திருப்பிக் காட்டியது. பறந்த தூசியை ஒரு பெரிய குழாய் அப்படியே இழுத்துக்கொண்டது. மூச்சே விடாத இயந்திரத்துக்கு இத்தனை ஏற்பாடு. எங்கள் பட்டறையில் இருப்பது ஒரே ஒரு ஜன்னல்.

"இது நீங்க செஞ்சதா?"

"கை ஜப்பானுங்க்கா. புடிக்கற விரலும், எப்படித் திரும்போணுங்கற கணக்கும் நாங்க பண்றதுங்க."

"அப்ப இது யாரு செஞ்ச ரோபோ?"

கீர்த்தனா கொஞ்சம் யோசித்தார். "அதைய நாங்களுந்தான் பேசிட்டே இருக்கறமுங்க" என்று சிரித்தார்.

சொம்புகளை எடுத்துக் கொடுத்தேன். ஒன்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இன்னொரு என்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டினார். இருவரும் தங்கள் முகத்தையே அதில் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அக்கா, இதுல நாங்க என்ன பண்ணோணுங்க?"

"பாலிஷ் போட்டுக் காட்டுங்க."

"அதான் போட்டிருக்குதுங்களே."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சக்கரத்தின் முன் நின்று இந்த ஆறையும் பாலிஷ் போட்டவர் என் கணவர். வெளியூர் போகிற சாமான் மங்கலாகப் போனால் பட்டறைக்குக் கேவலம் என்றார். நானும் சரி என்று ஒவ்வொன்றாகச் சுற்றிப் பையில் வைத்தேன். அவரைத் தூசியிலிருந்து மீட்க வேண்டிய இயந்திரத்துக்குக் காட்டவே அவரைத் தூசி தின்ன வைத்திருக்கிறேன். எனக்கு வெட்கமாகவும் அழுகையாகவும் வந்தது.

"தேய்க்காத சொம்பு, கீறலோட வேணுங்க்கா. எவ்வளவு அழுத்தோணும்னு அதுலதான் கண்டுபுடிக்க முடியும். நாலு இருந்தாப் போதுங்க, பார்சல்ல அனுப்பிச்சுருங்க" என்றார் கீர்த்தனா.

மணி நாலு. துடியலூர் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்காரருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, பாலிஷ் போடாத சொம்பு நாலு அனுப்பணுமாம். அப்படியே, தொடாம."

"தொடாம எப்பிடி அனுப்புறது? லேசா ரெண்டு சுத்துக் காட்டி அனுப்புறேன்."

"பின்னாடி என்ன சத்தம்?"

"நீ வர்றதுக்குள்ள கைவேலைய முடிச்சிரலாம்னு…"

"மோட்டாரை நிறுத்துங்க."

நிறுத்தினார். இரைச்சல் அடங்கியதும் அவர் மூச்சிரைப்பது தெளிவாகக் கேட்டது.

"பார்சல் வேணாம். நானே வந்து எடுத்துக்கிட்டு நாளைக்கே திரும்ப வர்றேன்."

"நாளைக்கேவா? உனக்கு அலுப்பா இருக்காதா?"

அந்த இரண்டு கேள்விக்கும் நடுவில் அவர் மூன்று முறை மூச்சு வாங்கினார்.