நாற்பத்தோராம் பக்கத்துக் குடை

"அது நான்தான் அக்கா" என்று அன்றைக்கு நான் சொல்லவில்லை.

மாவுக்கடை தேவகி அக்கா நேற்று விடியற்காலையில் இறந்துவிட்டார். தூக்கத்திலேயே... எங்கள் அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில் "இன்று மாவு கிடைக்காது" என்றுதான் முதலில் செய்தி வந்தது.

மந்தைவெளிப் பக்கம் இருப்பவர்களுக்கு அவர் கடையைத் தெரிந்திருக்கும். இட்லி மாவு, அடை மாவு, சனிக்கிழமை மட்டும் கேழ்வரகு. எனக்கு அவரை அதற்கும் முன்பே தெரியும், யார் என்று தெரியாமலே.

எங்கள் லெண்டிங் லைப்ரரியில் பழைய மெம்பர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு குறி உண்டு. படித்த புத்தகத்தையே மறுபடி எடுத்துவிடாமல் இருக்க, தங்களுக்கென்று ஒரு பக்கத்தை வைத்துக்கொண்டு அதன் ஓரத்தில் பென்சிலால் போட்டுவிடுவார்கள். ஒருவர் நட்சத்திரம், ஒருவர் இனிஷியல்.

நாற்பத்தோராம் பக்கத்தில் ஒருவர் குட்டியாகக் குடை வரைவார்.

நான் அப்போது க்ரைம் நாவல் தவிர வேறெதையும் தொடமாட்டேன். ஒருநாள் அட்டையில் பாம்பைப் பார்த்து, கொலைக் கதை என்று நினைத்து ஒன்றை எடுத்துவந்துவிட்டேன். முப்பது பக்கம் தாண்டியும் யாரும் சாகவில்லை. நிஜமாகவே பாம்புகளைப் பற்றிய புத்தகம். யாரோ ரேக் மாற்றிச் சொருகியிருக்கிறார்கள்.

மூடிவைக்கப் போன நேரம், நாற்பத்தொன்றில் அந்தக் குடை. நான் படித்த நல்ல க்ரைம் நாவல்களில் எல்லாம் இருந்த அதே குடை... இவர் இதையுமா படித்தார்? சரி, இன்னும் பத்துப் பக்கம் என்று உட்கார்ந்தேன். சாரைப்பாம்பு சட்டை உரிக்கும் அத்தியாயத்தில் தட்டிலிருந்த சோறு ஆறிப்போனது.

அதன் பிறகு எதை எடுத்தாலும் நேராக நாற்பத்தொன்றைத்தான் திருப்புவேன். குடை என்னைக் கப்பலில் ஏற்றியது. பேய் பங்களாவுக்குள் தள்ளியது. ஒரு வங்காளக் குடும்பத்தின் நான்கு தலைமுறைக்கும் அழவைத்தது. பூட்டுகளின் வரலாறு என்று ஒன்று... பூட்டுக்கு வரலாறு இருக்கும் என்று யார் நினைத்தார்கள்!

படித்து முடித்ததும் குடைக்குக் கீழே ஒரு புள்ளி வைப்பேன். மழைக்கு ஒதுங்கின ஆள் மாதிரி.

ஒரு சாயங்காலம் மாவு வாங்க நின்றிருந்தேன். கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது. தேவகி அக்கா ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முடித்தார். காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். முன்னால் திருப்பி, குடை வரைந்தார். அவர் தலைக்கு மேல் கடையின் கதவு எண்: 41.

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார்.

"இன்னாம்மா அப்டி பாக்குற? இது என் மார்க்கு. இதுல ஒரு கூத்து கீது தெரியுமா... திருப்பிக் குடுத்த புக்கை சும்மா தொறந்து பாக்குறேன், எவனோ ஒர்த்தன் குடைக்கு அடில புள்ளி வெச்சிக்கீறான். நான் பட்ச்சதெல்லாம் தேடித் தேடி பட்ச்சிக்கினே வரான்!"

எனக்குப் பின்னால் நின்ற ஆட்டோக்காரர் விடவில்லை. "லவ்வா இருக்கும்க்கா!"

"அடிங்... அம்பத்தெட்டு வயசுல இன்னா லவ்வு? பட்ச்சதப் பத்திப் பேச எனக்கு ஒரு ஆளு இல்லடா. வூட்ல நான் புக்கைத் தொறந்தாலே அதுங்க தூங்கிடுதுங்க. அவன் மட்டும் கையில கெடைக்கட்டும்..."

"கெடச்சா?"

"உக்கார வெச்சி, சூடா அடை போட்டுக் குடுத்து, பேசியே சாவடிப்பேன்."

பிறகு என்னைப் பார்த்தார். "உனுக்கு இன்னாம்மா, ஒரு கிலோவா ரெண்டா?"

"ஒரு கிலோ" என்றேன்.

எனக்கு மனிதர்களோடு புத்தகம் பேச வராது. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று மூன்று வருஷம் மாவு வாங்கினேன்.

அவருக்கு அந்தப் புள்ளியைச் சீண்டுவது ஒரு விளையாட்டாகிவிட்டது. "இந்த வாரம் அவனுக்கு ஒரு வேலை வெச்சிக்கீறேன்" என்று ஒருநாள் ஒரு புத்தகத்தைத் தூக்கிக் காட்டினார். தேனீ வளர்ப்பு. அறுநூறு பக்கம். "ஓடிடுவான் பாரு!"

ஓடவில்லை. அவர் திருப்பிக் கொடுத்த அன்றே எடுத்துவந்து பதினோரு நாளில் முடித்தேன். பால்கனியில் ஒரு தேன்கூடு வைக்கலாமா என்று அப்பாவிடம் கேட்கும் அளவுக்குப் போய்விட்டேன். ரொம்பப் பிடித்துப்போய் இரண்டு புள்ளி வைத்தேன்.

அடுத்த வாரம் கடையில் ஒரே குழப்பம்.

"ரெண்டு வெச்சிக்கீறான்மா! ரெண்டு தபா பட்ச்சானா, இல்ல புடிச்சிப்போச்சா?"

"புடிச்சிருக்கும்க்கா."

"எனக்கும் அதான் தோணுது" என்று ஒரு கரண்டி மாவு கூடுதலாக ஊற்றினார்.

நாங்கள் நேருக்கு நேர் புத்தகம் பேசியது அவ்வளவுதான்.

நேற்று போனேன். கடைக்குப் பின்னால்தான் வீடு. மகள் கலா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க?" என்றாள். மாவு வாங்க வருவேன் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன்.

"புள்ளி வைக்கிறது நான்தான்" என்று வந்துவிட்டது.

அழுதுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். "மாமா! அம்மாவோட புள்ளி வந்துக்கீது! பொண்ணு மாமா!"

வீடே திரும்பிப் பார்த்தது. அக்காவின் தம்பி, "யாரோ ரிடையர்டு வாத்தியாருன்னுல்ல அக்கா சொல்லிக்கினு இருந்துச்சு" என்றார்.

மூலையிலிருந்து ஒரு பெரியம்மா கேட்டார். "அந்தத் தேனீ புக்கு... முழுசாவா பட்ச்சே?"

"முழுசா."

"அடிப்பாவி!"

ஐஸ் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் அழுகையோடே சிரித்தார்கள்.

கலா என்னை அக்காவின் தலைமாட்டில் உட்காரவைத்தாள். "அதுலல்லாம் இன்னாதான் கீதுன்னு சொல்லுங்க. அம்மா சொல்ல வந்தப்பல்லாம் நாங்க டிவி பாத்துக்கினு இருந்துட்டோம்."

சொன்னேன். ஒவ்வொன்றாக... பேச வராத நான் மத்தியானம்வரை பேசினேன். நடுவில் யாரோ டீ கொடுத்தார்கள். பேய் பங்களா வந்தபோது குழந்தைகள் கிட்டே நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

மூன்று மணிக்கு எடுத்தார்கள். மற்ற பெண்களோடு நானும் தெருமுனைவரை போய் நின்றேன்.