அமைதியைத் தாங்காத ஏழுமலை

சென்ற மாதம் ஒரு பிற்பகலில் எதிர்வீட்டுக் கலா ஓடிவந்தாள். "அங்கிள், மாமா கூப்பிட்டா திரும்பவே மாட்டேங்கிறாரு." நான் போனபோது அவள் மாமனார் ஏழுமலை வழக்கம்போலத் தொலைக்காட்சி முன்னால் நாற்காலியில் இருந்தார். பக்கத்தில் வைத்த சோறு காய்ந்திருந்தது. ஒரு சீரியல் முடிந்து அடுத்தது ஓடிக்கொண்டிருந்தது. எப்போது உயிர் போனது என்று யாருக்கும் தெரியாது.

எங்கள் பேட்டையான ஜோகுபாளையத்தில் எல்லோருக்கும் அவர் 'டிவி தாத்தா'. தங்கவயலில் தான் வேலைபார்த்த சுரங்கத்தை மூடியபின் மகன் வீட்டோடு வந்தவர். மகன் விடிவதற்குள் கம்பெனி வண்டியில் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய்விடுவான். இவர் செய்தி, கிரிக்கெட், புரியாத இந்திப் படம் எதுவானாலும் பார்ப்பார். சத்தம் தெருமுனைவரை கேட்கும். நாங்கள் சிரித்திருக்கிறோம்.

பேரனின் பரீட்சை சமயத்தில் ஒருநாள் கலா கேபிளைப் பிடுங்கிவிட்டாள். அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியேறினார். பொழுது சாய்ந்தும் வரவில்லை. சிவாஜிநகர் பஸ்ஸில் ஏறியதாகப் பெட்டிக்கடைக்காரர் சொன்னார். அங்கே போய்ப் பார்த்தேன். பஸ் நிலையத்தின் இரைச்சலுக்கு நடுவே கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார்.

"வீட்ல எல்லாரும் பயந்து போயிருக்காங்க. இங்க என்ன பண்றீங்க?"

"சத்தம் இல்லன்னா கேக்குது சார்."

"என்ன கேக்குது?"

"சொரங்கத்துல கீழ பாறை சரிஞ்சப்போ என்கூட வேல செஞ்ச ஜோடிக்காரன் அந்தாண்ட மாட்டிக்கினான். கல்ல எடுத்துத் தட்டிக்கினே இருந்தான். நாங்க இந்தாண்ட தோண்டிக்கினே இருந்தோம். அப்பால தட்றது நின்னுடுச்சி." பக்கத்தில் ஒரு பஸ் உறுமிக் கிளம்பியது. "வூடு அமைதியானா இன்னும் தட்றான் சார்."

"கலாகிட்ட சொல்லிடலாமே."

"வாணாம். புள்ளைங்க இருக்கற வூடு. பயந்துக்கும்."

கேபிளைத் திரும்ப மாட்டச் சொன்னேன். காரணம் சொல்லவில்லை. "நீங்களுமா அவருக்கு சப்போர்ட்டு?" என்று கலா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

காரியம் முடிந்த அன்று அவள் அழுதாள். "எங்க மூஞ்சிய ஒருநாளாவது நேரா பாத்திருப்பாரா அங்கிள்? எப்பவும் அந்தப் பெட்டிதான்." அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்: "தட்டினவரு பேரு சொன்னாரா?"

சொல்லியிருந்தார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது, ஜன்னல் பக்கம் பார்த்தபடி, ஒரே ஒரு முறை. ஏழுமலையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது அந்தப் பெயர்தான். அந்தோணி.