ஆயுத பூஜைக்கு அணைத்த கம்ப்யூட்டர்

மரக்காணத்தில் ஓர் உப்புக் கம்பெனி ஆபீசில் எட்டு வருஷமாக லாரிகளுக்கு கேட் பாஸ் போட்டுக்கொண்டிருந்தேன். படிப்பு பத்தாவது, கூட டைப்ரைட்டிங் லோயர். அம்மன் அருளால் கிடைத்த நாற்காலி என்று இன்றைக்கும் சொல்வேன். என் வீட்டுக்காரருக்கு உப்பளத்தில் வேலை. ஐப்பசி மழை பிடித்தால் அது நின்றுவிடும். மறுபடி பாத்தியில் உப்பு விளைகிற வரைக்கும் எங்கள் வீட்டில் அடுப்பு எரிவது என் சம்பளத்தில்தான்.

என் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரில் விவரம் எதுவும் கிடையாது. எல்லாம் சென்னை ஹெட் ஆபீசின் பெரிய கம்ப்யூட்டரில் இருந்தது. போன் லைன் வழியாக அதை இங்கிருந்தே பார்க்க ஒரு சாஃப்ட்வேர். கருப்புத் திரை, பச்சை எழுத்து, மவுஸ் கிடையாது. லாரி நம்பருக்கு ஒரு பட்டன், மூட்டைக்கு ஒரு பட்டன், பிரிண்டுக்கு இரண்டைச் சேர்த்து அழுத்த வேண்டும். ஆரம்பத்தில் யாரோ ஒரு புண்ணியவான் அப்படி அமைத்துவிட்டுப் போயிருந்தார்.

2005-ல் சென்னையிலிருந்து தகவல் வந்தது. அந்த சாஃப்ட்வேரைச் செய்தவர்கள் அதைக் கைவிட்டுவிட்டார்களாம், கெட்டுப்போனால் இனிமேல் பார்க்க ஆள் இல்லை, புதுசு போடப்போகிறோம் என்று. மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"புதுசு இங்க சரியா ஓடலைன்னா பாஸ் எல்லாம் பாண்டிச்சேரி ஆபீஸ்லயே போட்டு ஃபேக்ஸ்ல அனுப்பிடுவாங்களாம். அப்புறம் இந்த சீட்டு இருக்காதும்மா."

சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

புதுசு போட ஆள் வருவதாகச் சொன்னது விஜயதசமி அன்று. அதற்கு முதல் நாள் ஆயுத பூஜை. எங்கள் ஆபீசில் அது அமர்க்களமாக இருக்கும். உப்பு வாரும் பலகை, மண்வெட்டி, எடை மெஷின் எல்லாவற்றையும் கழுவிப் பொட்டு வைத்து, அன்றைக்கு யாரும் தொடமாட்டோம். கம்ப்யூட்டரை மட்டும் எந்த வருஷமும் நிறுத்தியதில்லை. "உப்புக் காத்துல இத்துப்போச்சு, நிறுத்தினா எழுந்திருக்காது" என்பார் மேனேஜர். பெரிய இன்வெர்ட்டர் வேறு வாங்கி வைத்திருந்தார். ஓடிக்கொண்டிருக்கும்போதே ஒரு பொட்டு வைப்பதோடு சரி.

அந்த வருஷம் எனக்கு மனசு கேட்கவில்லை. நாளைக்குப் புதுசு வந்தால் இதை மூலையில் போட்டுவிடுவார்கள். எட்டு வருஷம் சோறு போட்டதற்கு ஒரு நாளாவது ஓய்வு கொடுக்கலாமே என்று நானே அதை அணைத்தேன். துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, கற்பூரம் காட்டிக் கும்பிட்டுவிட்டு நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

மறுநாள் காலை சென்னைக்காரர் புதுக் கம்ப்யூட்டரோடு வந்தார். முப்பது வயதிருக்கும். "பழசுல எந்தப் பட்டனுக்கு என்ன வேலைன்னு ஒரு ஃபைல் இருக்கும் மேடம். அதை அப்படியே ஃபிளாப்பியில எடுத்துப் புதுசுல போட்டா முடிஞ்சுது," என்று சொல்லிக்கொண்டே பழசை ஆன் செய்தார். உள்ளே டிக் டிக் என்று சத்தம் வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

"யாரு ஆஃப் பண்ணது?"

"நான்தான் சார். ஆயுத பூஜை."

திட்டப்போகிறார் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவர் கீபோர்டில் இருந்த குங்குமத்தைப் பார்த்துவிட்டு, "எங்கம்மாவும் நேத்து என் லேப்டாப்புக்கு விபூதி பூசினாங்க. ஏதோ என் நல்ல நேரம், அது எழுந்துடுச்சு," என்றார்.

வெளியே ஐந்து லாரி நின்றது. வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. முதல் லாரி டிரைவர் ஜன்னலில் தலையை நீட்டினார்.

"ஏம்மா, உப்பு கரைஞ்சப்புறம் பாஸ் குடுத்தா தண்ணி லாரின்னு எழுதிக் குடுப்பியா?"

சென்னைக்காரர் பேப்பரும் பேனாவுமாக உட்கார்ந்தார். "சரி, நீங்களே சொல்லுங்க. மூட்டைக்கு எந்தப் பட்டன்?"

எனக்கு நினைவுக்கே வரவில்லை. எட்டு வருஷம் தினமும் அழுத்திய பட்டன். கீபோர்டைப் பார்க்கப் பார்க்க இன்னும் குழம்பியது. "கைக்குத் தெரியும் சார், எனக்குத் தெரியல," என்றேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. தாயே, நானே என் தலையில் மண்ணைப் போட்டுக்கொண்டேனே என்று உள்ளுக்குள் அழுதேன்.

அவர் பேனாவைக் கீழே வைத்தார். "தினமும் எப்படி பாஸ் போடுவீங்க?"

"டிரைவர் ஜன்னல்ல நின்னு சொல்லுவாரு. நான் அடிப்பேன்."

"அப்ப டிரைவர் அண்ணன் சொல்லட்டும். நீங்க இந்த செத்துப்போன கீபோர்டுலயே அடிங்க. நான் பார்த்து எழுதிக்கறேன்."

டிரைவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு வழக்கம்போல இழுத்துச் சொன்னார், லாரி நம்பர், பார்ட்டி, ஊர், இத்தனை மூட்டை என்று. அவர் குரல் கேட்டதுதான் தாமதம், என் விரல் தானாக ஓடியது. திரையில் ஒன்றுமே இல்லை, கை மட்டும் போகிறது. கடைசியில் இரண்டு விரலும் சேர்ந்து பிரிண்டில் போய் நின்றன.

"வேகமா அடிக்கறீங்கக்கா. இன்னொரு தடவை," என்றார் அவர். மேடம் அக்காவாகிவிட்டதை அப்போது நான் கவனிக்கக்கூட இல்லை.

அதே லாரிக்கு ஏழு தடவை பாஸ் போட்டேன். ஏழாவது தடவை டிரைவர், "ஏழு லோடு ஏத்திட்டேன், வண்டி மட்டும் நின்ன எடத்துலயே நிக்குது," என்றார். பின்னால் நின்ற டிரைவர்கள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அந்தப் பட்டன்களையே அவர் புது சாஃப்ட்வேரில் அமைத்தார். திரை வெள்ளையும் நீலமுமாக வந்தது, எழுத்து பெரிசாக, கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. முதல் தடவை ஊர் வரவேண்டிய இடத்தில் மூட்டை வந்தது. "பாண்டிச்சேரி மூட்டை எத்தனைக்கா?" என்று கிண்டல் செய்துகொண்டே திருத்தினார். இரண்டாவது தடவை டிரைவர் சொல்ல, நான் அடிக்க, பிரிண்டர் கிர்ரென்று பாஸைத் தள்ளியது. மேனேஜர் ஓடிவந்து அதைக் கிழித்து, இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டு டிரைவரிடம் கொடுத்தார். மத்தியானத்துக்குள் ஐந்து லாரியும் கேட்டைத் தாண்டிவிட்டன.

மேனேஜர் என் எதிரிலேயே சென்னைக்குப் போன் போட்டார். "பாஸ் இங்கயே போடறோம் சார். பாண்டிச்சேரிக்கு மாத்த வேணாம். நம்ம அம்மாவே பார்த்துக்குவாங்க," என்றார். நான் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

சாயங்காலம் நேராக அம்மன் கோயிலுக்குப் போனேன். பூசாரி யார் பேருக்கு அர்ச்சனை என்று கேட்டார். சென்னைக்காரருக்கும் டிரைவருக்கும் செய்ய வேண்டும் என்றுதான் போயிருந்தேன். அவர்கள் நட்சத்திரம் எனக்கு எப்படித் தெரியும்? பேரைக்கூடக் கேட்டுவைக்கவில்லை.

"ரெண்டு பேருங்க. ஒருத்தரு எழுதினாரு, ஒருத்தரு சொன்னாரு," என்றேன்.

பூசாரி என்னை ஒரு மாதிரி பார்த்தார். "அம்மன் பேருக்கே பண்ணிடறேம்மா. அவ சேர்த்துடுவா," என்று தேங்காயை வாங்கிக்கொண்டார்.