கதவில் போட்ட நம்பர்

எங்கள் வீட்டுக் கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். எண்ணூர் வெயிலில் காலை பத்து மணிக்கே உள்ளே இட்லி வேகும். நைனாவுக்கு கண்டெய்னர் யார்டில் நைட் டூட்டி. லாரி பின்னால் வரும்போது கொடி காட்டுகிற வேலை. பகலில் அந்தக் கூரைக்குக் கீழேதான் தூங்கியாக வேண்டும். ஒருமுறை யார்டில் நின்றபடியே கண் அசந்துவிட்டார். "இன்னொரு தபா தூங்குனா, வூட்லயே தூங்கு" என்று சூப்பர்வைசர் சொல்லி அனுப்பியிருந்தார்.

அந்தக் கோடையில் வார்டு ஆபீசிலிருந்து இரண்டு பேர் வந்து, கதவுக்குக் கதவு சாக்பீஸில் நம்பர் போட்டார்கள். கூரைக்கு வெயிலைத் தடுக்கிற வெள்ளை பெயிண்ட் இலவசமாக அடிப்பார்களாம். வீட்டுக்குள் சூடு குறையும், ஃபேன் ஓடுவதும் குறையும் என்றார்கள். பல் தேய்த்துக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டேன்.

தண்ணி லாரிக்குப் போயிருந்த அம்மா குடத்தோடு வந்தாள். "இன்னாடா இது நம்பரு?"

"வூட்ட இடிக்கப் போறாங்கோ. மூட்டையக் கட்டு."

அம்மா பிறந்தது பேசின் பிரிட்ஜ் கால்வாய் ஓரம். அங்கேயும் முதலில் கதவில் நம்பர்தான் வந்தது, பிறகு வீட்டை இடிக்கிற மெஷின் வந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கலாய்த்தேன். டீக்கடைக்குப் போய் தோஸ்துகளிடம் சொல்லிச் சிரித்துவிட்டு வந்தால், கதவு ஈரமாக இருந்தது.

"நம்பரே இல்லாத வூட்ட எப்டி இடிப்பானுங்கோ?" என்றாள். அதற்கும் சிரித்தேன். சாயங்காலம் உண்மையைச் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன். மறந்தும் போனேன்.

மறுநாள் நான் இல்லாத நேரத்தில் கூரையை அளக்க வந்திருக்கிறார்கள். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே மூச்சு காட்டாமல் உட்கார்ந்திருந்தாளாம். நம்பர் இருந்த வீடுகளை மட்டும் எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

பெயிண்ட் அடிக்க வந்த மேஸ்திரியிடம் கெஞ்சினேன். "அண்ணே, பதினேழு, பத்தொம்போது ரெண்டும் கீது. நடுவுல நாங்க இன்னா, ஆவியா?"

"எழுதுன அளவுக்குத்தான் பெயிண்டு வந்துகீது மாமு. இந்தா, இதான் மிச்சம்" என்று வாளி ஒன்றைத் தள்ளினார். அடியில் இருந்ததைச் சுரண்டி, மேலே ஏறிப் பூசினேன். ஒரு ஆள் படுக்கிற அளவுக்கு வந்தது.

"நம்ம வூட்ட மட்டும் ஏன் வுட்டானுங்கோ?" என்று கேட்டார் நைனா.

"நான்தான் நம்பர அழிச்சிட்டேன்" என்றாள் அம்மா. என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. எதற்கும் வாய் ஓயாத நானும் சொல்லவில்லை.

நைனா பாயை அந்த வெள்ளைத் திட்டுக்கு நேர் கீழே இழுத்துப் போட்டுக்கொண்டார். "இங்க கொஞ்சம் ஜில்லுனு கீதுடா" என்றார். ஸ்டூலில் ஏறி ஷீட்டைத் தொட்டுப் பார்த்தேன். கை சுட்டது. கொஞ்ச நாளில் கரித்தூள் படிந்து திட்டும் சாம்பல் நிறமானது.

மழைக்கு முன்னாலேயே நைனா யார்டில் மறுபடியும் அசந்துவிட்டார். சூப்பர்வைசர் சொன்னபடியே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்.

இப்போது நைனா ராத்திரியில்தான் தூங்குகிறார். எங்கே வேண்டுமானாலும் படுக்கலாம். ஆனால் பாயை அந்த இடத்தில்தான் போடுகிறார்.